இடுப்பு வலியா? குனியும் முறையை மாற்றுங்கள், பயிற்சியைக் கைவிடாதீர்கள்

 

நம் திருவள்ளூர் மாவட்டத்தில் இடுப்பு வலி இல்லாத வீடு எது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு ஆலையில் பளு தூக்குகிறவருக்கும் வலி. காக்களூர் தொழிற்பேட்டையில் எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நிற்கிற பெண்ணுக்கும் வலி. ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கம் செங்கல் சூளையில் குந்தி உட்கார்ந்து கல் அறுக்கிறவர், பொன்னேரிப் பக்கம் நாற்று நடுகிறவர், மல்லிகை பறிக்கிறவர், எல்லோரும் சொல்வது ஒரே பேச்சு: "இடுப்பு விட்டுப்போச்சு."

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்தது. இவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன நோய் என்று குறித்துச் சொல்லும்படியான கோளாறு எதுவும் கிடையாது. ஆகவே பயப்பட வேண்டாம். ஆனால் அலட்சியமும் வேண்டாம். வலி ஏன் வருகிறது, வராமல் எப்படித் தடுப்பது, வந்தால் என்ன செய்வது என்பதை இந்தப் பிரசுரத்தில் பார்ப்போம்.

ஆபரேஷனால் வந்த வலியா?

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் தாய்மார் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண் எழுந்து, "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கினதுலேர்ந்து இடுப்பு கழண்டு விழற மாதிரி இருக்குதும்மா. அதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்தேன்" என்றார். பக்கத்தில் இருந்தவர், "எனக்கு முதுகுல ஊசி போட்டு சிசேரியன் பண்ணாங்க. ஊசி போட்ட எடம் இன்னிக்கும் வலிக்குது" என்றார்.

கூட்டம் முடிந்ததும் முதல் பெண்ணின் கணவரிடம் பேசினேன். லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். "என்னைத்தான் முதல்ல பண்ணிக்கச் சொன்னாங்க மேடம். அத்தப் பண்ணிக்கினா மூட்டை தூக்க முடியாதுன்னாங்க. அதான் அவளயே பண்ணிக்கச் சொல்லிட்டேன்" என்றார். பேசும்போதே ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆபரேஷனே செய்துகொள்ளாத அவருக்கும் அதே வலி!

உண்மை என்ன? பெண்களுக்கான கருத்தடை ஆபரேஷனில் கருக்குழாய் மட்டும் அடைக்கப்படுகிறது. ஆண்களுக்கான ஆபரேஷனில் விந்துக்குழாய் மட்டும் அடைக்கப்படுகிறது. முதுகெலும்பையோ, இடுப்புச் சதையையோ யாரும் தொடுவதில்லை. தழும்பில்லாக் கருத்தடை செய்துகொண்ட ஆண் 2 நாள் ஓய்வுக்குப் பிறகு இலேசான வேலைக்குத் திரும்பலாம். ஒரு வாரம் பாரம் தூக்காமலும் சைக்கிள் ஓட்டாமலும் இருந்தால் போதும். அதன் பிறகு முன்போலவே மூட்டை தூக்கலாம். பலம் ஒரு துளியும் குறையாது. சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசியால் சில நாட்கள் அந்த இடம் வலிக்கலாம். அது வருடக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலியைக் கொண்டுவருவதில்லை.

அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு வலி ஏன் வந்தது? கணக்குப் போட்டுப் பாருங்கள். கர்ப்ப காலத்தில் வயிற்றுச் சதை இழுபட்டுத் தளர்கிறது. மூட்டுகளைக் கட்டி வைத்திருக்கும் நார்களும் தளர்கின்றன. பிரசவம் ஆனதும் குனிந்து பால் கொடுக்கிறாள், குனிந்து குளிப்பாட்டுகிறாள். 3 கிலோ குழந்தை ஒரு வருடத்தில் 9 கிலோ ஆகிறது. அதை ஒரே பக்க இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையில் குடம் தூக்குகிறாள். தளர்ந்த சதையைப் பலப்படுத்த ஒரு நாள்கூட நேரமில்லை. இதெல்லாம் நடக்கும் அதே சமயத்தில்தான் ஆபரேஷனும் நடக்கிறது. பழி அதன்மேல் விழுந்துவிடுகிறது.

பழியை ஆபரேஷன்மேல் போட்டுவிட்டால் இரண்டு நஷ்டம். அடுத்த வீட்டுப் பெண் பயந்து ஒதுங்கிப் போகிறாள். வலிப்பவளோ, "இது இனிமே தீராது" என்று பயிற்சி செய்யாமலே இருந்துவிடுகிறாள்.

(ஆபரேஷனுக்குப் பிறகு ஜுரம், அடிவயிற்று வலி, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் இருந்தால் அது வேறு விஷயம். உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.)

முதுகு எப்படி பாரம் தாங்குகிறது?

கடப்பாரையால் கல்லைப் புரட்டியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கை பிடிக்கிற இடம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு பலம் கூடும். நம் முதுகில் இது தலைகீழாக நடக்கிறது. முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் சதை, எலும்பின் நடுவிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் பின்னால்தான் இருக்கிறது. நீங்கள் தூக்கும் பொருள் 50 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால் பத்து மடங்கு ஆகிவிடும். அதாவது 10 கிலோ பொருளைக் கையை நீட்டித் தூக்கினால், சதை 100 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அதே பொருளை வயிற்றோடு அணைத்து 25 சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்தால் 50 கிலோ இழுத்தால் போதும். பொருள் அதேதான், பாரம் பாதியாகிவிட்டது! குனிந்து தூக்கும்போது நம் மேலுடம்பின் எடையும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

இடுப்புப் பகுதியில் 5 எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அவற்றுக்கு இடையில் உள்ளதைத்தான் ஜவ்வு, டிஸ்க் என்கிறோம். நடுவில் கூழ், சுற்றிலும் நார் வளையம். இரவு படுத்திருக்கும்போது ஜவ்வு நீர் ஊறி உப்பிக்கொள்கிறது. அதனால்தான் மாலையைவிடக் காலையில் நாம் சற்று உயரமாக இருக்கிறோம். உப்பிய ஜவ்வு அதிகாலையில் விறைப்பாக இருக்கும். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களும், விடியற்காலையில் தண்ணீர் பிடிக்கிற தாய்மார்களும் இதை மனதில் வையுங்கள். படுக்கையிலிருந்து எழுந்த கையோடு குடத்தைத் தூக்காதீர்கள். அரை மணி நேரமாவது நடந்து, நின்று, மற்ற வேலைகளைப் பார்த்துவிட்டுப் பாரத்தைத் தொடுங்கள்.

தூக்கும் முறை

பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போடுகிறோம் அல்லவா? முழங்காலும் இடுப்பு மூட்டும் மடங்குகின்றன, முதுகு வில்லாக வளைவதில்லை. பாரம் தூக்கவும் அதே முறைதான்.

1. பொருளின் அருகில் போய் நில்லுங்கள். எட்டி நின்று கையை நீட்டித் தூக்காதீர்கள்.

2. கால்களை அகட்டி, ஒரு காலைச் சற்று முன்னால் வையுங்கள்.

3. முழங்காலையும் இடுப்பையும் மடக்கிக் கீழே இறங்குங்கள்.

4. பொருளை வயிற்றோடு அணைத்து, மூச்சை விட்டுக்கொண்டே காலின் பலத்தால் எழுந்திருங்கள். வெடுக்கென்று இழுக்க வேண்டாம்.

5. திரும்ப வேண்டுமானால் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். பாரத்தோடு இடுப்பை மட்டும் முறுக்குவது மிகவும் ஆபத்து. 20 லிட்டர் தண்ணீர் கேனைக் குனிந்து தூக்கி, திருகி, ஸ்டாண்டின்மேல் கவிழ்க்கும்போதுதான் பலருக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. பாதித் தண்ணீரைக் குடத்தில் ஊற்றிவிட்டு மீதியைத் தூக்குங்கள்.

6. ரேஷன் அரிசியை ஒரே பையில் போட்டு ஒரு கையில் தூக்காமல் இரண்டு பையாகப் பிரித்து இரண்டு கையிலும் பிடியுங்கள்.

முறை தெரிந்தால் எவ்வளவு பாரமும் தூக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் 1991-ல் திருத்திய கணக்குப்படி, எல்லா வசதியும் இருந்தால்கூட ஒருவர் கையால் தூக்கும் அளவு 23 கிலோ. சிமெண்டு மூட்டையோ 50 கிலோ! எனவே இரண்டு பேராகத் தூக்குங்கள். தள்ளுவண்டி கேளுங்கள். மூட்டையைத் தரையில் போடாமல் முழங்கால் உயரப் பலகையில் அடுக்கச் சொல்லுங்கள். இது சோம்பேறித்தனம் அல்ல. வண்டியும் பலகையும் கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. தொழிலாளியின் இடுப்பு போனால் வேலையும்தான் நிற்கும்.

நிற்பதும் உட்காருவதும்

"எப்படி உட்கார்ந்தா நல்லதும்மா?" என்று கேட்கிறார்கள். எவ்வளவு நல்ல நிலையானாலும் ஒரே நிலையில் நெடுநேரம் இருந்தால் வலிக்கத்தான் செய்யும். அரை மணிக்கு ஒரு முறை நிலையை மாற்றுவதே சரியான நிலை.

நின்று வேலை செய்பவர்கள் ஒரு செங்கல் உயரக் கட்டையில் ஒரு காலை வைத்துக்கொண்டு, அவ்வப்போது கால் மாற்றுங்கள். குந்தியோ குனிந்தோ வேலை செய்பவர்கள் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நின்று, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிப் பின்பக்கம் மெதுவாக 5 தடவை வளையுங்கள். கடைகளில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் வந்திருக்கிறது. இருக்கை இருந்தால் கூச்சப்படாமல் உட்காருங்கள்.

தாய்மார்கள் பால் கொடுக்கும்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் தலையணையோ மடித்த புடவையோ வைத்துக் குழந்தையை மார்புக்கு உயர்த்துங்கள். மார்பைக் குழந்தையிடம் குனிந்து கொண்டுபோகாதீர்கள். வீடு பெருக்க நீளமான துடைப்பம் வாங்குங்கள்.

படுத்தே கிடந்தால் சரியாகுமா?

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், "பலகையில படுங்க, மூணு வாரம் எழுந்திருக்காதீங்க" என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். அது தவறு என்று பிறகு தெரிந்தது.

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகராட்சியில், திடீரென்று இடுப்பு பிடித்துக்கொண்ட 186 ஊழியர்களை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினர் 2 நாள் படுக்கையில் இருந்தார்கள். இன்னொரு பிரிவினர் முதுகை வளைக்கும் பயிற்சி செய்தார்கள். மூன்றாவது பிரிவினர் வலி தாங்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைப் பார்த்தார்கள். சீக்கிரம் குணமானவர்கள் மூன்றாவது பிரிவினரே. இந்த முடிவு 1995-ல் வெளியாயிற்று.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது: வலி வந்த முதல் சில நாட்களில் படுத்தே கிடக்கவும் வேண்டாம், வலிய முறுக்கிப் பயிற்சி செய்யவும் வேண்டாம். வீட்டுக்குள் நடங்கள், இலேசான வேலை பாருங்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். வலி தணிந்த பிறகு பயிற்சியைத் தொடங்குங்கள். 2016-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வலி திரும்ப வருவதைக் குறைத்தது உடற்பயிற்சிதான் என்று தெரிந்தது. இடுப்பு பெல்ட்டால் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நீடித்த வலிக்குப் பெல்ட் வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் சொல்லியிருக்கிறது.

ஐந்து பயிற்சிகள்

தரையில் ஜமக்காளம் விரித்து, தினம் 15 நிமிடம் ஒதுக்கினால் போதும். ஒவ்வொன்றையும் முதல் வாரம் 5 தடவையும், பிறகு 10 தடவையும் செய்யுங்கள்.

1. பூனை முதுகு: கையையும் முழங்காலையும் ஊன்றி நில்லுங்கள். முதுகைப் பூனைபோல் மேலே தூக்குங்கள், பிறகு மெதுவாகக் கீழே தழையுங்கள். வேகம் கூடாது.

2. இடுப்பைத் தூக்குதல்: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, பாதத்தை ஊன்றி, இடுப்பை மட்டும் தூக்கி 5 எண்ணும் வரை நிறுத்துங்கள். புட்டத்துச் சதை இறுக வேண்டும். முதுகை வில்லாக வளைத்து ரொம்ப உயரம் தூக்குவது தவறு.

3. கையும் எதிர்க் காலும்: பூனை நிலையில் வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்டி 5 எண்ணுங்கள். பிறகு மாற்றிச் செய்யுங்கள். முதுகில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் சிந்தாத அளவுக்கு இடுப்பு அசையாமல் இருக்க வேண்டும். இடுப்பு சாய்ந்தால் காலைக் குறைவாகத் தூக்குங்கள்.

4. கொம்புப் பயிற்சி: ஒரு நேரான கொம்பை முதுகோடு நெட்டுக்குத்தாக, தலை, தோள்பட்டை நடு, இடுப்பின் கீழ் என மூன்று இடத்திலும் படும்படி பிடியுங்கள். முழங்காலைச் சற்று மடக்கி, புட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள். மூன்று இடத்தில் எது கொம்பை விட்டு விலகினாலும் முறை தவறிவிட்டது என்று அர்த்தம். குனியக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

5. நடை: தினம் 30 நிமிடம் கைவீசி நடங்கள். சேர்ந்தாற்போல் முடியாதவர்கள் 10 நிமிடமாக மூன்று தடவை நடக்கலாம்.

எந்தப் பயிற்சியிலும் மூச்சை அடக்காதீர்கள், முக்கியமாக ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள். வலி உள்ளவர்கள் நின்றபடி வெடுக்கு வெடுக்கென்று குனிந்து கால் கட்டைவிரலைத் தொடுவதை விட்டுவிடுங்கள். சிசேரியன் ஆனவர்கள் முதலில் நடையை மட்டும் வைத்துக்கொண்டு, 6 வாரம் கழித்து டாக்டரைக் கேட்டு மற்றதைத் தொடங்குங்கள். கர்ப்பிணிகள் பிந்தைய மாதங்களில் மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும்.

பயிற்சியின்போது வலித்தால்?

இலேசான வலி வந்து, மறுநாள் காலைக்குள் போய்விட்டால் தொடரலாம். மறுநாளும் கூடுதலாக இருந்தால் பாதியாகக் குறையுங்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. 1956-ல் நியூசிலாந்தில் ராபின் மெக்கென்சி என்ற இயன்முறை சிகிச்சையாளரிடம் காலுக்கு இறங்கிய வலியோடு ஒருவர் வந்தார். தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த கட்டிலில் அவர் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்பக்கமாக வளைந்துவிட்டது. சில நிமிடம் கழித்துப் பார்த்தால் கால் வலி போயிருந்தது! இதிலிருந்து மெக்கென்சி ஒரு முறையையே வகுத்தார். கால்வரை இருந்த வலி சுருங்கி இடுப்பளவில் நின்றால் நல்ல அறிகுறி. இடுப்பில் இருந்த வலி தொடைக்கும் காலுக்கும் இறங்கினால் அந்தப் பயிற்சியை அப்போதே நிறுத்துங்கள்.

வலி மாத்திரை

"அண்ணே, இடுப்பு வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று மருந்துக் கடையில் வாங்கித் தினம் போடுவது வேண்டாம். வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். உலை முன்னால் வியர்வை கொட்ட வேலை செய்பவர்களுக்கு உடம்பில் நீர் குறைந்திருப்பதால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள்

* சிறுநீர், மலம் தன்னையறியாமல் போகிறவர்கள், அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டவர்கள்
* பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப் போனவர்கள்
* கால் பலமிழந்து, செருப்பு நழுவுகிறவர்கள்
* கீழே விழுந்து அடிபட்ட பிறகு வலி வந்தவர்கள்
* மாலை ஜுரம், எடை குறைதல், இரவில் தூங்க விடாத வலி உள்ளவர்கள் (முதுகெலும்பிலும் காசநோய் வரும்!)
* முன்பு புற்றுநோய் இருந்தவர்கள்

முதல் மூன்றும் இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. தைலம் தேய்த்துக்கொண்டும் நீவி விட்டுக்கொண்டும் நாளைக் கடத்தினால் கால் நிரந்தரமாக விழுந்துவிடும். 

மற்றவர்கள் ஆறு வாரத்தில் வலி தணியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு மருத்துவமனையையோ அணுகுங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் தங்கள் மருந்தகத்துக்குப் போகலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சி தரும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் விசாரியுங்கள்.

முடிவாக ஒரு வார்த்தை. முதலில் சொன்ன அந்தத் தம்பதி இரண்டு பேருக்கும் கொம்புப் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து அதே நிலையத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். "வலி முழுசாப் போயிடலம்மா. ஆனா குடம் தூக்க முடியுது. அவரும் கொம்ப வெச்சிக்கினு குனியறாரு, பசங்க சிரிக்குதுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எதிர்வீட்டுப் பொண்ணு ஆபரேஷனுக்குப் பயப்படுது. நான் சொல்லி அனுப்பறேன், நீங்க பேசுங்க" என்றார்.

உழைத்துப் பிழைக்கிற குடும்பத்துக்கு முதுகுதான் மூலதனம். கொம்பு ஒன்று, ஜமக்காளம் ஒன்று, தினம் 15 நிமிடம். இன்று மாலையே தொடங்குங்கள்!